புது மழைநீர் வடிகால் கட்டியும் தெருவில் தண்ணீர் நிற்கிறது: எங்கிருந்து பார்ப்பது?

தென்கரை: எங்கள் தெரு பள்ளிக்கரணைக்கு மேற்கே, 2011-இல் சென்னையோடு சேர்ந்த பகுதியில் இருக்கிறது. அங்கே 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழத்துக்கு கான்கிரீட் வடிகால் இருக்கிறது. ஆனாலும் ஒரு மணி நேரம் கனமழை என்றால் முழங்கால் தண்ணீர். குடியிருப்போர் சங்கம் சார்பில் மனு எழுதுகிறோம். அகலத்தைக் கூட்டச் சொல்வது சரியா?

மடுவு: அகலத்தைக் கடைசியில் பாருங்கள் சார். தண்ணீர் போய் விழும் இடத்தில் ஆரம்பித்து மேலே வாருங்கள். அங்கே வடிகாலின் அடிமட்டம் (உள் தரையின் மட்டம்) வெள்ளக்கால நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், எவ்வளவு அகலமாகக் கட்டினாலும் தண்ணீர் எதிர்த்துத்தான் வரும். உங்கள் பக்கத்துத் தண்ணீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காட்டில்தான் கடலைத் தொடுகிறது. சதுப்பு நிலம் நிரம்பி, கடல் ஏற்றமும் சேர்ந்தால் ஓட்டம் மந்தமாகிவிடும். அப்படிப்பட்ட தெருவுக்கு வடிகால் முனையில் ஒருவழிக் கதவும், உள்ளே தேங்குவதை இறைக்க பம்பும் தேவை.

வாட்டம்: மேலே சொன்னது சரி. அடுத்து வாட்டம், அதாவது வடிகால் தரையின் சரிவு. கட்டடம் நெருங்கிய 5 ஹெக்டேரில் மணிக்கு 70 மி.மீ. மழை பெய்து, அதில் 80 சதவீதம் ஓடி வந்தால் நொடிக்கு சுமார் 780 லிட்டர். உங்கள் வடிகால் ஆயிரத்துக்கு ஒன்று வாட்டத்தில், முழுக்க நிரம்பி ஓடினால் சுமார் 760 லிட்டர் கடத்தும். வாட்டம் பாதியானால் 540. வாட்டம் சரியாக இருந்தும் 30 செ.மீ. வண்டல் படிந்தால் 460தான். ஆகவே எத்தனை ஹெக்டேர் தண்ணீர் இதில் வந்து சேருகிறது என்று முதலில் வரைபடத்தில் கணக்கிடுங்கள்.

ஆயிரத்துக்கு ஒன்று என்றால் 100 மீட்டருக்கு 10 செ.மீ. இறக்கம். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய குழாய்) போதும், ஒவ்வொரு மேன்ஹோலிலும் அடிமட்டத்தை அளக்கலாம். வார்டு பொறியாளரை வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து, மேலிருந்தே கம்பு விட்டு அளக்கவும். விஷவாயு இருக்கும், யாரும் உள்ளே இறங்கவே கூடாது. குடிநீர்க் குழாயோ கேபிளோ குறுக்கே வந்த இடத்தில் அடிமட்டத்தை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். அந்த ஒரு மேடு போதும், மேல்பக்கம் முழுக்கத் தேங்கும்.

தூர்வாரி: தண்ணீர் வடிகாலுக்குள் நுழைகிறதா என்பதையும் பாருங்கள். தெருவில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் பாதி காலி என்றால் குறை நுழைவுத் துளையில்தான். துளை ரோட்டை விட உயரமாக இருக்கும், அல்லது சல்லடையில் பிளாஸ்டிக் அடைத்திருக்கும். துளைக்கு அடியில் மணலைப் பிடிக்கும் வண்டல் தொட்டியின் தரை, வடிகால் தரையை விட 30 செ.மீ. ஆவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் நேராக உள்ளே போகும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டுக்கொண்டே போனால் ரோடு உயர்ந்து, தண்ணீர் வீட்டுக்குள் திரும்பும். ஏப்ரல் வெயிலிலும் வடிகாலில் ஓட்டம் இருந்தால் பெரும்பாலும் கழிவுநீர் இணைப்புதான். அதை அடைக்காமல் தூர்வாரிப் பயனில்லை. தூர்வாருவதை செப்டம்பருக்குள் முடித்து, எடுத்த சேற்றை அன்றே அள்ளச் சொல்லுங்கள். கரையில் விட்டால் முதல் மழையில் மறுபடி உள்ளே.

தென்கரை: நன்றி. அப்படியானால் மனுவில் முதலில் எதைக் கேட்பது?

வாட்டம்: வடிகாலின் நீள்வெட்டு வரைபடம். ஒவ்வொரு மேன்ஹோலின் அடிமட்டமும், கடைசியில் விழும் இடத்தின் மட்டமும் அதில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். கட்டி முடித்த பிறகு எடுத்த மட்டங்கள் வேண்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். திட்ட வரைபடம் மட்டும் வந்தால் நீங்கள் அளந்ததோடு ஒப்பிட முடியாது.