வயதான அம்மாவிடம் இதைக் கேட்கலாமா?

வெள்ளவத்தை மகள்:
என் அம்மாவுக்கு 86 வயது. இந்த ஆண்டில் மூன்று முறை விழுந்துவிட்டார். குளியலறைக்கும் சுவரைப் பிடித்தபடிதான் போகிறார். நோய் முற்றினால் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டுமா, மூக்கு வழியே உணவுக் குழாய் போடலாமா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா என்பதையெல்லாம் நினைவு தெளிவாக இருக்கும்போதே அவரிடம் கேட்டுவிட வேண்டும் என்கிறேன். அண்ணா கடுமையாக எதிர்க்கிறார்.

கொட்டாஞ்சேனையான்:
நான் உங்கள் அண்ணாவின் பக்கம். கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில், பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அப்பாவின் இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா என்று வைத்தியர் சிங்களத்தில் கேட்டார். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். வாய் வராமல், "ஊசி போடலாமா எண்டு கேக்கிறார்" என்றேன். என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். அன்றிரவு கொண்டுபோன இடியப்பத்தை அவர் தொடவேயில்லை. பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. முடிவெடுக்கும் பாரத்தையும் நாமே சுமப்போம்; அவர்கள் தலையில் ஏற்ற வேண்டாம்.

வெள்ளவத்தை மகள்:
உங்களை அந்த இடத்தில் நிறுத்தியது பெரும் தவறு. ஆனால் அது கேட்டதால் வந்த துயரமா, பிந்திக் கேட்டதால் வந்ததா? மெல்பேர்ணில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 309 நோயாளர்களை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே ஆறுதலாகப் பேசப்பட்டவர்களில் இறந்த 29 பேரில் 25 பேரின் விருப்பம் அறியப்பட்டு நிறைவேறியது. அப்படிப் பேசப்படாத மற்றப் பிரிவில் இறந்த 27 பேரில் 8 பேருக்கே அது வாய்த்தது. முன்கூட்டியே பேசப்பட்டு இறந்தவர்களுடைய குடும்பத்தாரின் மன உளைச்சலும் குறைந்திருந்தது.

ஓய்வுபெற்ற தாதி:
தளர்ந்த உடலில் நெஞ்சை அழுத்தும்போது விலா எலும்புகள் முறிவது சாதாரணம். அதைச் சொல்லாமல் "முயலவா" என்று கேட்பது கேள்வியே அல்ல. சிகிச்சைப் பட்டியலோடு தொடங்காமல், எதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். இன்று சொன்னதை நாளை மாற்றலாம் என்பதையும் சொல்லுங்கள். மொழிபெயர்க்கும் பொறுப்பை மட்டும் பிள்ளையிடம் விடக் கூடாது.

கொட்டாஞ்சேனையான்:
கடைசியாகச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனாலும் அம்மாவாகப் பேச்செடுக்கும் வரை பொறுத்திருங்கள் என்றே சொல்வேன்.

வெள்ளவத்தை மகள்:
அம்மா ஏற்கெனவே பேச்செடுத்துவிட்டார். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் கைகள் கட்டப்பட்ட நிலையில் வைத்தியசாலையில் இறந்தார். செத்த வீட்டிலிருந்து வந்து தலைவாரிவிடும்போது அம்மா, "என்னை அப்பிடிக் கட்ட விடாதை பிள்ளை" என்றார். தேத்தண்ணி போடவா என்று கேட்டுப் பேச்சை மாற்றியவள் நான்தான்.