பொது இடத்தில் கொஞ்சம் கிறுக்குத்தனம் பண்ண யோசனை வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கொஞ்சம் கோமாளித்தனம் பண்ணலாம் என்றிருக்கிறோம். காரணம் எதுவும் கிடையாது. விளம்பரமில்லை, விழிப்புணர்வுப் பிரச்சாரமில்லை, யாருக்கும் கருத்து சொல்லப் போவதுமில்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பது ஒரே யோசனைதான். ஆளுக்கொரு நாய்க்கயிறு இருக்கும், நாய் மட்டும் இருக்காது. உள்ளே கம்பி செருகி விறைப்பாக்கிய கயிறு. நுனியில் வெறும் கழுத்துப்பட்டை, தரைக்கு ஒரு முழம் மேலே ஆடிக்கொண்டே போகும். மரத்தடி வந்ததும் நின்று, காத்திருந்து, "போதும்டா, வா" என்று இழுக்க வேண்டும். சிரிக்கவே கூடாது. நாம் சிரித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

2001-இல் தொடங்கிய 'இம்ப்ரவ் எவ்ரிவேர்' குழு நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் செய்ததைப் பார்த்திருப்பீர்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் 5 நிமிடம் சிலையாக நின்றுவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் நடையைக் கட்டினார்கள். அந்த ரகம்தான் எங்களுக்கும் வேண்டும். ஆளைப் பயமுறுத்தி வீடியோ எடுக்கிற பிராங்க் சமாச்சாரம் வேண்டவே வேண்டாம் (அதில் சிரிப்பு வருவது எடுக்கிறவருக்கு மட்டும்தான்).

யாரையும் தொடாமல், வழியை மறிக்காமல், இதைவிட அபத்தமாக ஏதாவது தோன்றுகிறதா? காவலாளி வந்து விசாரித்தால் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் நம்புவார் என்று தோன்றவில்லை. இதற்கெல்லாம் முன்கூட்டியே அனுமதி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்களேன்: மனுவில் 'நோக்கம்' என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்?