எக்ஸ்பி போட்ட பிறகு சத்தமே இல்லை: பழைய பென்டியம் 4, மஞ்சள் கேள்விக்குறி

தேனிக்காற்று எழுதியது:

நண்பர்களே, ஒரு வாரமாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2003ல் அப்பா வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தது. பென்டியம் 4, இன்டெல் 845 சிப்செட், 512 எம்பி ராம். இப்போது அதை இறக்கித் தூசி தட்டியதற்குக் காரணம் அப்பாவின் கேசட்டுகள். ஒரு பிஸ்கட் பெட்டி நிறைய இருக்கின்றன, பாதி அவரே ஊர்த் திருவிழாவில் பதிவு செய்த நாதஸ்வரம், ஒன்றில் தாத்தா பேசுகிறார். என் லேப்டாப்பில் லைன் இன் (வெளிக் கருவியின் சத்தத்தை உள்ளே வாங்கும் ஓட்டை) கிடையாது, ஹெட்போனுக்கு ஒரே ஓட்டைதான். இந்தப் பழைய பெட்டிக்குப் பின்னால் நீலம் (லைன் இன்), பச்சை (ஸ்பீக்கர்), ரோஸ் (மைக்) மூன்றும் இருக்கின்றன.

உள்ளே இருந்த விண்டோஸ் கிளம்பவில்லை, அதனால் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3 புதிதாகப் போட்டேன். எல்லாம் ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கன்ட்ரோல் பேனலில் 'நோ ஆடியோ டிவைஸ்' என்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்று மஞ்சள் கேள்விக்குறி. ரியல்டெக் எச்டி ஆடியோ டிரைவர் (சவுண்ட் சில்லை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) என்று ஒன்றை இறக்கிப் போட்டேன், முடிந்தது என்றுதான் சொல்கிறது, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தும் கேள்விக்குறி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மதர்போர்டு சிடி எங்கே போனதோ தெரியவில்லை. பக்கத்து சர்வீஸ் கடையில் கேட்டால் "போர்டு போச்சு, எடைக்குப் போடுங்க" என்றார்கள். யாராவது வழி சொல்லுங்கள்.

சில்லுக்கருப்பு எழுதியது:

போர்டு போயிருந்தால் அந்தக் கேள்விக்குறியே வந்திருக்காது. எடைக்குப் போட வேண்டாம்.

நீங்கள் போட்டது வேறு வம்சத்து டிரைவர். எச்டி ஆடியோ என்பது இன்டெல் 2004ல் கொண்டுவந்தது. 845 போர்டில் இருப்பது அதற்கு முந்தைய ஆடியோ முறையான ஏசி97. இரண்டுக்கும் ரியல்டெக் டிரைவர் உண்டு, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்று மற்றொன்றில் வேலை செய்யாது. எக்ஸ்பியில் ஏன் தானாக வரவில்லை என்றால், எக்ஸ்பி வெளிவந்தது 2001ல், உங்கள் போர்டில் இருக்க வாய்ப்புள்ள ஐசிஎச்4 (ஆடியோ கன்ட்ரோலர் உள்ளே இருக்கும் இன்டெல் சில்லு) 2002ல். பிறக்காத பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் எப்படி இருக்கும்?

ஊகம் எதற்கு, அதையே கேட்டுவிடலாம். கேள்விக்குறி மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் டீட்டெய்ல்ஸ். நீளமாக ஒரு வரி வரும். அதில் வெண்டர், அதாவது தயாரித்தவர் எண், 8086 என்றால் இன்டெல். அடுத்து வரும் டிவைஸ் எண் 24சி5 என்றால் ஐசிஎச்4, 24டி5 என்றால் ஐசிஎச்5.

ஆனால் இது பாதிதான். அந்த எண் கன்ட்ரோலரை மட்டும் சொல்லும், சத்தத்தை உண்டாக்கும் கோடெக் தனிச் சில்லு. கேபினட்டைத் திறந்து, பின்பக்க ஆடியோ ஓட்டைகளுக்கு உள்பக்கம் பாருங்கள். பக்கத்துக்குப் பன்னிரண்டு கால் வைத்த சின்னக் கறுப்புச் சதுரம் ஒன்று இருக்கும். அதன் மேல் நண்டுப் படம் இருந்தால் ரியல்டெக். போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரியும், நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது.

பழைய_இரும்பு எழுதியது:

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன் தம்பி, 'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்' என்று வரும் எதையும் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடாதீர்கள். சத்தம் வராது, விளம்பரம் வரும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு கையைக் கழுவிவிட்டது, அதனால் நெட் ஒயரையே பிடுங்கி வைப்பது நல்லது. அதிலிருக்கும் பழைய எக்ஸ்ப்ளோரரில் இப்போதைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது என்பது வேறு விஷயம். லேப்டாப்பில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோங்கள்.

கேள்விக்குறியோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள். எங்கள் காலத்தில் சவுண்ட் பிளாஸ்டர் 16 கார்டைச் சொருகிவிட்டு கம்ப்யூட்டர் கிளம்பும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் கார்டுக்கான எண்களை, அட்ரஸ் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று கையால் எழுதுவோம். தெரியாமல் ஐஆர்க்யூவில் 7 போட்டால் பிரின்டர் போர்ட்டோடு சண்டை. சத்தம் வந்தால் பிரின்ட் வராது.

தேனிக்காற்று எழுதியது:

கருப்பு அண்ணா, நீங்கள் சொன்னதுதான். 8086, 24சி5. நண்டும் இருக்கிறது, கீழே ஏஎல்சி655 என்று எழுதியிருக்கிறது. ரியல்டெக் ஏசி97 டிரைவர், ஏ4.06 பதிப்பு, பென்டிரைவில் கொண்டுவந்து போட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் கேள்விக்குறி போய்விட்டது, கீழே ஸ்பீக்கர் படம் வந்துவிட்டது, துள்ளிக் குதித்தேன்.

ஆனால் சத்தம் இன்னும் வரவில்லை! பாட்டுப் போட்டால் பிளேயரில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. எதுவும் மியூட்டில் இல்லை. ஸ்பீக்கரைப் போனில் சொருகினால் நன்றாகப் பாடுகிறது. பச்சை ஓட்டைதான், மூன்று முறை பார்த்துவிட்டேன். டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று.

மழைக்காலம் எழுதியது:

எதற்கு இவ்வளவு பாடு, சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. எக்ஸ்பி டிரைவர் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

சில்லுக்கருப்பு எழுதியது:

எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு வருவதில் பெரும்பாலும் மைக் ஓட்டை மட்டும்தான், அதுவும் மோனோ. கேசட் ஓடும் டூ இன் ஒன்னிலிருந்து வரும் சிக்னலை மைக்கில் விட்டால் கரகரவென்று உடையும். நாதஸ்வரத்தை அப்படிப் பதிவு செய்ய மனசு வராது.

தம்பி, கோடு ஆடுகிறது என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. இனி டிரைவரை நோண்டாமல் ஒரு பப்பி லினக்ஸ் (விண்டோஸ் இல்லாமல் சிடியிலிருந்தே ஓடும் சிஸ்டம்) சிடி போட்டு பூட் செய்து பாருங்கள், 32 பிட் பதிப்பு. அதில் இந்தச் சில்லுக்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. டெர்மினலில் ஆல்சாமிக்சர் (வால்யூம் மாற்றும் புரோகிராம்) திறந்து, மாஸ்டர், பிசிஎம் இரண்டுக்கும் கீழே எம்எம், அதாவது மியூட், என்றிருந்தால் எம் விசையை அழுத்துங்கள். 'எக்ஸ்டர்னல் ஆம்ப்ளிஃபயர்' என்று ஒன்று இருந்தால் அதையும் மாற்றி மாற்றிப் பாருங்கள், ஏசி97ல் அது பலரை அலைய விட்டிருக்கிறது. அங்கேயும் சத்தம் இல்லையென்றால் கோளாறு டிரைவரில் இல்லை.

தேனிக்காற்று எழுதியது:

பப்பியிலும் ஊமை. ஆம்ப்ளிஃபயரையும் மாற்றிப் பார்த்தேன். அப்படியானால் கடைக்காரர் சொன்னதுதான் சரியா?

பழைய_இரும்பு எழுதியது:

பொறுங்கள். கேபினட் அதே பழைய கேபினட்டா, நடுவில் மாற்றினீர்களா?

தேனிக்காற்று எழுதியது:

மாற்றினோம். 2009 வாக்கில் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) வெடித்தபோது ஒரு கடையில் கேபினட்டோடு சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பாட்டுக் கேட்டோமா என்று அம்மாவிடம் கேட்டேன், ஞாபகம் இல்லை என்கிறார்.

பழைய_இரும்பு எழுதியது:

அங்கேதான் இருக்கிறது விஷயம். ஏசி97 போர்டில் சத்தம் கோடெக்கிலிருந்து நேராகப் பின்னால் வராது. முதலில் கேபினட் முன்பக்க ஹெட்போன் ஓட்டைக்குப் போய், அங்கே யாரும் சொருகியிருக்கவில்லை என்றால் திரும்பி வந்து பின்பக்கப் பச்சைக்குப் போகும். வாய்க்கால் மாதிரி. முன்பக்க ஒயர் இல்லாத கேபினட் என்றால் அந்த வாய்க்காலை இணைக்க போர்டிலேயே இரண்டு ஜம்பர் (இரண்டு ஊசிகளை இணைக்கும் சின்ன மூடி) மாட்டியிருப்பார்கள். உங்கள் பழைய கேபினட்டின் முன்பக்க ஒயரைச் சொருக அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள், புதுக் கேபினட்டில் அந்த ஒயர் இல்லையென்றால் வாய்க்கால் அறுந்து கிடக்கும்.

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆடியோ ஓட்டைகளுக்குப் பக்கத்தில் எஃப்பி ஆடியோ என்ற மாதிரி எழுதிய இடத்தைத் தேடுங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை ஊசி, அதில் ஒரு ஊசி மட்டும் இருக்காது. ஊசி இல்லாத அந்த ஜோடிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி: 5-6, 9-10. இரண்டிலும் ஒவ்வொரு ஜம்பர். வேறு எதிலும் வைக்காதீர்கள், 4வது ஊசியில் 5 வோல்ட் வருகிறது. யூஎஸ்பிக்கான ஊசிகளும் இதே மாதிரிதான் இருக்கும், ஆனால் அதில் ஊசி இல்லாத இடம் மூலையில் இருக்கும். அதன் பக்கமே போக வேண்டாம்.

ஜம்பருக்குக் கடை தேட வேண்டாம். செத்துப்போன ஐடிஇ ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ் இருந்தால் அதன் பின்னால் மாஸ்டர், ஸ்லேவ் மாற்றும் ஜம்பர் இருக்கும், அதே அளவுதான்.

தேனிக்காற்று எழுதியது:

இரும்பு ஐயா, வந்துவிட்டது!! ஊசிகள் மொட்டையாக நின்றன, புதுக் கேபினட்டின் முன்பக்க ஓட்டையில் ஒயரே இல்லை, வெறும் அலங்காரம். ஒரு ஜம்பர் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து, இன்னொன்று சிடி ரைட்டரிலிருந்து. முதலில் ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்தேன், வலது ஸ்பீக்கர் மட்டும் பாடியது. அப்போதே சிரித்துவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். நீல ஓட்டையில் டூ இன் ஒன்னைச் சொருகினால் ஸ்பீக்கரில் கேட்கிறது, ஆனால் பதிவு செய்தால் நேர்கோடுதான் வருகிறது.

சில்லுக்கருப்பு எழுதியது:

அது சுலபம். ஸ்பீக்கர் படத்தை டபுள் கிளிக் செய்து ஆப்ஷன்ஸ், ப்ராப்பர்டீஸ், அதில் ரெக்கார்டிங். வரும் பெட்டியில் மைக் தேர்வாகி இருக்கும், லைன் இன்னுக்கு மாற்றுங்கள். டூ இன் ஒன்னின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் அதன் வால்யூமைப் பாதிக்குக் கீழேயே வையுங்கள், மீட்டர் சிவப்பைத் தொடக் கூடாது.

பழைய_இரும்பு எழுதியது:

பதிவுக்கு முன்னால் டூ இன் ஒன்னில் டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடுங்கள். தாத்தா கேசட்டை முதலில் போடாதீர்கள். இத்தனை வருஷம் பரணில் கிடந்த டேப், ரோலர் இழுத்துக் கடித்துவிட்டால் போயிற்று. ஏதாவது வேண்டாத சினிமாக் கேசட்டை முழுசாக ஓட விட்டுப் பாருங்கள்.

தேனிக்காற்று எழுதியது:

சரி ஐயா. பஞ்சு கறுப்பாக வந்தது. வேண்டாத கேசட் எது என்று அப்பாவிடம் கேட்டேன், அப்படி ஒன்று இந்தப் பெட்டியில் கிடையாது என்கிறார். பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்க்கிறேன்.