வீட்டுக் காப்பீடு: வாஷிங்டன் கையில் இருக்க வேண்டுமா?

ராகவன் (ஹூஸ்டன்): பிரீமியம் இந்த ஆண்டும் ஏறிவிட்டது. ஆலங்கட்டி மழையாம் காரணம்! எங்கள் கூரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஐம்பது மாநிலங்களுக்கு ஐம்பது விதிகள் எதற்கு? மத்திய அரசே ஒரே சட்டம் கொண்டுவரட்டும்.

செல்வி: கொண்டுவரும் அதிகாரம் உண்டு என்று 1944-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மெக்காரன்-ஃபெர்குசன் சட்டத்தை இயற்றி, பொறுப்பை மாநிலங்களிடம் விட்டுவிட்டார்கள். நல்லதுதான். மத்திய அரசு நடத்தும் வெள்ளக் காப்பீட்டைப் பாருங்கள்: 2017-இல் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்த பிறகும் மிச்சக் கடன் 2,000 கோடிக்கு மேல்.

ராகவன்: கடன் மட்டும்தான் கண்ணில் படுகிறதா? தனியார் நிறுவனங்கள் வெள்ளத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவே மறுத்ததால்தான் 1968-இல் அந்தத் திட்டமே வந்தது.

தயாளன்: ஹார்வி புயலில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். வெள்ள அபாயப் பகுதி வரைபடத்தில் எங்கள் தெரு இல்லை; அதனால் கடன் கொடுத்த வங்கியும் வெள்ளக் காப்பீடு கேட்கவில்லை. என் மனைவிதான் பிடிவாதமாக எடுத்துவைத்திருந்தாள். ஷீட்ராக் (ஜிப்சம் பலகை) சுவரை நான்கடி உயரத்துக்கு அறுத்து வாசலில் குவித்தோம். நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. சுவருக்குப் பணம் வந்தது. விடுதியில் தங்கிய செலவுக்கு ஒரு சென்ட்கூட இல்லை, அந்தப் பாலிசியில் அதற்கு இடமே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் சாதாரண வீட்டுக் காப்பீட்டை நம்பியிருந்தார். வெள்ளம் அதில் சேராது என்ற வரியைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் படித்தார்.

செல்வி: அந்த மத்திய பாலிசியில் கட்டடத்துக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். இன்றைக்கு எந்த வீட்டுக்குப் போதும்? இழப்பீட்டை மறுத்தால் ஓராண்டுக்குள் மத்திய நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பணம் தரத் தாமதித்தால் டெக்சஸ் சட்டப்படி நிறுவனம் வட்டி கட்டியாக வேண்டும். வெள்ளப் பாலிசியில் அந்தப் பேச்சே எடுபடாது.

ராகவன்: வட்டி இருக்கட்டும். பாலிசியையே புதுப்பிக்க மறுத்தால் மாநிலம் என்ன செய்யும்? வெள்ளத் திட்டத்தில் நாம் குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 18 சதவீதத்துக்கு மேல் பொதுவாக ஏற்ற முடியாது. என் வீட்டுக் காப்பீட்டில் ஏறியது 31.

தயாளன்: ராகவன், அத்தனை விவரம் தெரிந்திருக்கிறதே, உங்களிடம் வெள்ளப் பாலிசி இருக்கிறதா? வாங்கினாலும் 30 நாள் கழித்துத்தான் பெரும்பாலும் நடைமுறைக்கு வரும். புயல் பருவம் ஜூன் 1-இல் தொடங்கிவிடும்.

ராகவன்: இல்லை. இன்று மே 6 அல்லவா?