தோஸ்திக்கில் நின்ற தேயிலையும் பிறவும்: முன்னாள் சோவியத் நாடுகளில் சரக்கு அனுப்பியவர்கள் புனைபெயரில் எழுதிய அனுபவப் பகிர்வு

அல்மாத்தியில் ஒன்பது ஆண்டு

2012 ஜனவரிக் கடைசியில் நடந்தது. கொச்சியில் ஏற்றிய நீலகிரித் தேயிலை, இருபதடிக் கண்டெய்னர் இரண்டு, சீனாவின் லியான்யுன்காங் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் சீன எல்லை நிலையமான அலாஷான்கோ வரை வந்து, எல்லை தாண்டிக் கசகஸ்தானின் தோஸ்திக்கை அடைந்தன. சீனாவின் 1435 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம் அங்கே முடிந்து சோவியத் காலத்து 1520 தொடங்குவதையும், பெட்டியைக் கிரேனில் தூக்கி அடுத்த வண்டியில் வைக்க வேண்டியிருப்பதையும் இங்கே யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நான்கைந்து நாள் அங்கே தேங்குவதை நாங்கள் தாமதம் என்றே சொல்வதில்லை. ஆனால் இது பதினோராம் நாள். ஒரு பெட்டி அல்மாத்திக்கு வந்து சேர்ந்துவிட்டது. மற்றதைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒரு கண்டெய்னரே வரவில்லை என்று பதில் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் கண்டெய்னர் அட்டவணையைக் கவனித்துவந்த கசாக் இளைஞரை, அத்தனை பேர் முன்னிலையிலும், வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவே நான் ரயிலேறித் தோஸ்திக் போனேன். ட்சுங்காரிக் கணவாயின் காற்று அன்று எப்படி வீசியது என்றால், சரக்கு அலுவலகத்தின் கதவை இழுத்துத் திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. உள்ளே போய் நின்றதும் ஜன்னல் வழியாக என் பெட்டியே கண்ணில் பட்டது. எண்ணைக்கூட வாசிக்க முடிந்தது.

மேசையில் இருந்த அம்மையார் எங்கள் அலுவலகம் அனுப்பியிருந்த கோப்பிலிருந்து எண்ணை அப்படியே நகலெடுத்துத் தேடினார். இல்லை என்று வந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துத் தாமே தட்டச்சு செய்தார், உடனே கிடைத்தது. இரண்டையும் திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து என் பக்கம் திருப்பினார். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அவர் பென்சில் முனையால் இரண்டாவது எழுத்தைத் தொட்டு, "இந்த 'சி' எங்களுடையதா, உங்களுடையதா?" என்று கேட்டார்.

லத்தீன் 'சி'யும் ருஷ்ய மொழியில் 'ஸ' ஒலிக்குரிய எழுத்தும் உருவத்தில் ஒன்று. விசைப்பலகையில் இரண்டுக்கும் ஒரே விசை. எந்த மொழி திறந்திருக்கிறதோ அந்த மொழியின் எழுத்து விழும். கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு. ஊர் திரும்பும் ரயிலில்தான் எனக்கு நினைவு வந்தது. அந்த அட்டவணையில் 'ஜி' என்று தவறாக இருந்த எழுத்தை, அந்த இளைஞரின் தோளுக்குப் பின்னால் நின்றபடி, அவருடைய கணினியில், 'சி' என்று திருத்தியது நானே.

கஸ்பியன் கரை

எனக்கு உறுத்துவது ஒரு ஓட்டுநர். ஜார்ஜியாவின் போத்தித் துறைமுகத்தில் இறங்கிய இந்திய மருந்துகள், குளிர்சாதன லாரியில், பாகுவுக்குத் தெற்கே உள்ள அலாத்துக்குப் போய், அங்கிருந்து ஃபெர்ரியில் கசகஸ்தானின் அக்தாவுக்குப் போக வேண்டும். அந்த ஃபெர்ரிக்குக் கால அட்டவணை என்று எதுவும் இல்லை. நிறைந்தால், காற்றும் விட்டால், புறப்படும். ரயில் வண்டிகள் முதலில் ஏறும், மிச்ச இடம்தான் லாரிக்கு. அந்தத் தை மாதத்தில் நாங்கள் ஒன்பது நாள் கரையில் கிடந்தோம்.

வெயில் காலம் என்றால் குளிர்விப்பதே வேலை. பனிக்காலத்தில் அதே இயந்திரம் மருந்து உறையாமல் சூடு கொடுக்க வேண்டும். இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய சரக்கு அது. ஏழாம் நாள் இரவு, இயந்திரத்துக்கான டீசல் தீரும் நிலைக்கு வந்தபோது, அந்த மனிதர் தம் லாரியின் தொட்டியிலிருந்து குழாய் வைத்து எடுத்து அதற்கு ஊற்றினார். தம்முடைய அறையை வெப்பப்படுத்தும் ஹீட்டரை அணைத்துவிட்டு, இரண்டு கோட்டுகளைப் போட்டுக்கொண்டு படுத்தார். அக்தாவில் இறங்கியதும் வெப்பநிலைப் பதிவுச் சீட்டை என்னிடம் நீட்டி, ஓரிடத்தில் நகத்தால் கீறிக் காட்டினார். மிகக் குறைந்த அளவு மூன்று. அந்த நகம் நீலம் பாரித்திருந்தது.

காத்திருப்புக் கூலி கேட்டு அவர் எழுதிய கடிதத்தை, காற்று யாருடைய தவறும் அல்ல என்று சொல்லி எங்கள் நிறுவனம் திருப்பி அனுப்பியது. அந்தப் பதிலைத் தட்டச்சு செய்து கையெழுத்திட்டவன் நான்.

துறைமுகத்தில் முப்பது வருடம்

முதலில் எழுதிய நண்பரின் கதையை நான் முழுதாக ஏற்பதற்கில்லை. கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம் உண்டு. முன்னால் உள்ள பத்துக்கும் மதிப்புக் கொடுத்துக் கணக்கிட்டே அந்த ஏழாவது இலக்கம் வருகிறது. ருஷ்ய எழுத்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது. ஒரு சூத்திரத்தை அட்டவணையில் போட்டு வைத்திருந்தால் அனுப்பும் முன்பே சிவப்பாகக் காட்டியிருக்கும். ஆகவே இதை எழுத்தின் மாயம் என்று சொல்வதைவிட, சரிபார்க்கும் பழக்கம் இல்லாத அலுவலகம் என்று சொல்வதே பொருத்தம். கஸ்பியன் நண்பரும், தனி எரிபொருள் தொட்டி பெரிதாக உள்ள வண்டியைத் தேர்ந்திருந்தால் அந்த ஓட்டுநர் குளிரில் படுத்திருக்க மாட்டார்.

புதிதாக வருபவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். எஸ்எம்ஜிஎஸ் சரக்குச் சீட்டில், அதாவது இந்த நாடுகளுக்கிடையிலான ரயில் சரக்கு ஒப்பந்தத்தின்படி எழுதும் சீட்டில், வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டு ரயில்வேக்கும் கட்டணம் செலுத்துபவர் யார் என்பதும், அவருடைய கட்டணக் குறியீடும் இருக்க வேண்டும். கசகஸ்தானுக்கு வாங்கிவிட்டு உஸ்பெகிஸ்தானுக்கு மறந்தால், வண்டி கசகஸ்தானின் எல்லை நிலையமான சாரியாகாஷ் வரை ஓடி வந்து எல்லையில் படுத்துவிடும். அடுத்தது, பெட்டியில் சரக்கை அடுக்கும் முன், போய்ச் சேரும் நிலையத்துக்கு 'கன்வென்ஷன்' போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். பெயரைக் கேட்டு ஏதோ சர்வதேச ஒப்பந்தம் என்று நினைக்க வேண்டாம். நிலையத்தில் நெரிசல், இன்னின்ன நாள் வரை அங்கே ஏற்றி அனுப்பாதே என்று ரயில்வே பிறப்பிக்கும் தடைக்குத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 2015இல் யூரேசியப் பொருளாதார ஒன்றியம் வந்தபின் ருஷ்யா, பெலாரஸ், கசகஸ்தான், ஆர்மீனியா, கிர்கிஸ்தான் ஆகியவற்றுக்குள் சுங்கச் சோதனை இல்லை என்பதை நம்பி, அதே நினைப்பில் உஸ்பெகிஸ்தானுக்கும் தாஜிகிஸ்தானுக்கும் காகிதம் தயாரிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அவை ஒன்றியத்தில் இல்லை.

என் அனுபவம் என்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு முறை கன்வென்ஷன் கேட்காமல் நாற்பது பெட்டி ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான்.

கோவை உதிரிபாகம்

ஐயா, கடைசி வரியை மட்டும் விரித்து எழுதியிருந்தால் நாங்கள் அதைத்தான் ஆவலோடு படித்திருப்போம்.

என்னுடையது 2009, தாஷ்கண்ட். உஸ்பெகிஸ்தானின் பருத்தி நூற்பாலை ஒன்றுக்குக் கோவையிலிருந்து உதிரிபாகங்கள் போயிருந்தன. சுங்க அதிகாரி இன்வாய்ஸைக் கையில் வாங்கினார், தொகையையோ எடையையோ பார்க்கவில்லை. நடுவிரலை நாவில் நனைத்து, முத்திரையின் மேல் அழுத்தித் தேய்த்தார். மை கலையவில்லை. கோவைக்காரர்கள் கறுப்பு மையில் குத்தியிருந்தார்கள், அது நன்றாக உலர்ந்தும் போயிருந்தது. "இது நகல்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வட்ட முத்திரை, நீல மை, தேய்த்தால் கலைய வேண்டும். அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்கள் சிரிப்பீர்கள்.

கோவையிலிருந்து புதிய காகிதம் கூரியரில் வரப் பத்து நாள் ஆகும். கிடங்கு வாடகையோ நாளுக்கு நாள் ஏறுகிறது. என்னோடு இருந்த தரகர் என்னைச் சந்தைக்குப் பின்னால் ஒரு சிறு கடைக்கு அழைத்துப் போனார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் வட்டமான ரப்பர் முத்திரை தயாராகிவிட்டது. அதைத் தாளில் குத்திப் பார்த்தபோதுதான், கோயம்புத்தூர் என்ற பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பதைக் கண்டேன். கடைக்காரர் மறுபடி செய்யத் தயாராக இருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன்.

அதிகாரி விரலை நனைத்துத் தேய்த்தார். விரல் நுனி நீலமானது. எழுத்துகளை அவர் வாசிக்கவே இல்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். சரக்கு நேர்மையானது, தொகை சரியானது, முத்திரை மட்டும் என்னுடைய பொய். அந்த நிறுவனத்தின் முதலாளியை அதன் பிறகு பலமுறை சந்தித்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

அல்மாத்தியில் ஒன்பது ஆண்டு

துறைமுகத்து ஐயா சொன்ன சோதனை இலக்கம் உண்மைதான். எங்கள் அட்டவணையில் அந்தச் சூத்திரம் அப்போது இல்லை. இருந்திருந்தால் அந்தப் பையன் தப்பித்திருப்பான், நானும்.

கஸ்பியன் நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்த ஓட்டுநருக்குப் பிறகாவது ஏதேனும் கிடைத்ததா?

கஸ்பியன் கரை

இல்லை. அடுத்த முறை அவரை அழைத்தபோது, வேறு நிறுவனத்தின் சரக்கு ஏற்றியிருப்பதாக மிக மரியாதையாகச் சொன்னார்.

அல்மாத்தியில் ஒன்பது ஆண்டு

எங்கள் இளைஞர் பிறகு சொந்தமாக ஃபார்வர்டிங், அதாவது பிறர் சரக்கை அனுப்பிக் கொடுக்கும் தொழில், தொடங்கினார். இன்றும் எனக்கு விலை கேட்டு எழுதுகிறார். தோஸ்திக்கில் என்ன நடந்தது என்று அவர் கேட்டதில்லை. காற்றினால் தாமதம் என்று அன்று அலுவலகத்தில் நான் சொன்னதையே நம்புகிறாரா, வேறு எப்படியாவது அறிந்துகொண்டாரா, தெரியாது. அவர் அனுப்பும் அட்டவணைகளில் கண்டெய்னர் எண் வரும் கட்டம் மட்டும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதன் தலைப்பில், லத்தீன் எழுத்து மட்டும் என்று ருஷ்ய மொழியில் ஒரு குறிப்பு.