மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கறகற சத்தம்: இந்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

திம்பம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். குடியிருப்பது சத்தியமங்கலம், வேலை தாளவாடிப் பக்கம் ஒரு பள்ளியில். இதுவரை பஸ்ஸில்தான் போய் வருகிறேன். மாலையில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அதனால் பழைய கார் ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்தேன்.

பார்த்திருக்கும் வண்டி 2014 மாடல் சின்ன பெட்ரோல் கார். அஞ்சு கியர், கேபிள் கிளட்ச். செகண்ட் ஓனர், மீட்டரில் 84,000 கிலோமீட்டர். 2,75,000 ரூபாய் கேட்கிறார். விற்பவர் எங்கள் ஊர்க்காரர், அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று கம்பெனி பெயரைப் போடவில்லை. பாடி, டயர், ஏசி எல்லாம் எனக்குத் திருப்தி. இன்ஜின் சத்தமும் நன்றாக இருக்கிறது.

பிரச்சினை கியரில்தான். ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றும்போது ஒழுங்காக விழுகிறது. ஆனால் மூன்றில் ஓடிக்கொண்டு, வேகம் குறைத்து இரண்டுக்கு இறக்கினால் கறகற என்று சத்தம். காலையில் முதலில் எடுக்கும்போது இன்னும் மோசம். பத்து நிமிடம் ஓடிய பிறகு குறைகிறது, முழுதாகப் போகவில்லை. ரிவர்ஸும் சில நேரம் கறகறக்கிறது. நாலாவதும் அஞ்சாவதும் பிரச்சினை இல்லை.

"கிளட்ச்சை லேசாக டைட் வைத்தால் சரியாகிவிடும், ஐநூறு ரூபாய் வேலை" என்கிறார் விற்பவர். அது உண்மையா, இல்லை கியர் பாக்ஸையே இறக்க வேண்டி வருமா? பண்ணாரி தாண்டினால் 27 கொண்டை ஊசி வளைவு. அங்கே பாதி நேரம் இரண்டாவது கியர்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாலுவழிச்சாலை:

முதலில் கியர் ஆயில் மாற்றிப் பாருங்கள் மேடம். இன்ஜின் ஆயில் எல்லோரும் மாற்றுவார்கள், கியர் ஆயிலை யாரும் நினைப்பதே இல்லை. என் பழைய வண்டியில் காலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடித்தது, ஆயில் மாற்றியதும் பாதி குறைந்தது. பெரிய செலவு இல்லை.

கோபி பட்டறை:

டீச்சர், நான் கோபிச்செட்டிபாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். மலைக்குப் போகும் வண்டிகள் நிறைய வரும். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்வது நல்லது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் பேச உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

கியர் சரியாக விழவில்லை என்றால் தப்பு மூன்று இடத்தில் இருக்கலாம். கிளட்ச் முழுதாக விடுபடாமல் இருக்கலாம். கியர் ராடிலிருந்து பாக்ஸுக்குப் போகும் கேபிளோ புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் பாக்ஸுக்கு உள்ளேயே தேய்மானம். முதல் இரண்டும் சின்ன வேலை. மூன்றாவது பெரிய செலவு. விற்பவர்கள் எல்லாவற்றையும் முதல் கணக்கில்தான் சேர்ப்பார்கள்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து, எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழாவிட்டால் அடித்துத் தள்ளாதீர்கள். நியூட்ரலில் வைத்து வண்டியை ஒரு சாண் முன்னே பின்னே தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள், பல் நேருக்கு நேர் நின்றிருக்கலாம். ஆஃபிலேயே கஷ்டமாக இருந்தால் கியர் கேபிள், இல்லையென்றால் உள்ளே ஏதோ. ஆஃபில் வெண்ணெய் மாதிரி விழுந்து, இன்ஜின் ஓடும்போது எல்லா கியரும் முரண்டு பிடித்தால் கிளட்ச் விடுபடவில்லை.

அடுத்தது ரிவர்ஸ். சின்ன கார்களில் பெரும்பாலும் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ ரிங் கிடையாது. கியர் விழும் முன் உள்ளே சுற்றுபவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம் அது. உள்ளே சுற்றும் ஷாஃப்ட் நிற்பதற்குள் போட்டால் புது வண்டியிலும் கறகறக்கும். வண்டி முழுதாக நின்ற பிறகு கிளட்ச்சை அடிவரை மிதித்து, மெதுவாக அஞ்சு எண்ணிவிட்டுப் போடுங்கள். அப்போது சத்தம் இல்லையென்றால் கவலையே வேண்டாம். அஞ்சு எண்ணிய பிறகும் கறகறத்தால் கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுக்கிறது என்று அர்த்தம். விற்பவர் சொல்வது அங்கேதான் பொருந்தும்.

பெடலையும் கவனியுங்கள். காலைத் தூக்கும்போது வண்டி எந்த இடத்தில் கவ்வுகிறது? தரையை ஒட்டிக் கவ்வினால் கிளட்ச் கேபிளை அட்ஜஸ்ட் செய்யலாம். காலை முழுக்கத் தூக்கிய பிறகுதான் கவ்வுகிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கும். ஒரு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்திப் பாருங்கள். இன்ஜின் மட்டும் கத்தி, வண்டி வேகம் பிடிக்காவிட்டால் பிளேட் வழுக்குகிறது.

இப்போது உங்கள் முக்கியமான புகார். மூன்றிலிருந்து இரண்டு. பெரும்பாலான சின்ன கார்களில் இரண்டாவது கியரின் விகிதம் 1.9-ஐ ஒட்டி இருக்கும், மூன்றாவது 1.3-ஐ ஒட்டி. அப்படியென்றால் மூன்றில் 2000 சுற்றில் ஓடும் வண்டியை அதே வேகத்தில் இரண்டுக்கு இறக்கினால் உள்ளே இருக்கும் ஷாஃப்ட்டை 2900 சுற்றுக்கு மேல் ஏற்ற வேண்டும். அதை ஏற்றுவது பித்தளையில் செய்த ஒரு சின்ன ரிங், முன்னே சொன்ன சிங்க்ரோ ரிங்தான். ஊருக்குள் ஓடும் வண்டியில் நாள் முழுக்க அதிகம் உழைப்பது இரண்டாவது கியரின் ரிங்தான். அதனால் அதுதான் முதலில் தேயும்.

ஏற்றும்போது விழுகிறது, இறக்கும்போது கறகறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ரொம்ப உதவியான விவரம். கியர் ஏற்றும்போது ஷாஃப்ட்டின் வேகம் குறைய வேண்டும். ஆயிலின் இழுவையே அதைக் குறைத்துவிடும், ரிங் தேய்ந்திருந்தாலும் தெரியாது. இறக்கும்போது வேகம் கூட வேண்டும். அப்போது அதே ஆயில் எதிராக இழுக்கும், ரிங் தனியாகப் போராட வேண்டும். காலையில் ஆயில் கெட்டியாக இருப்பதால் இன்னும் மோசம். அதனால்தான் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய்ப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நாலாவது கியருக்கும் ரிவர்ஸுக்கும் ராடைப் பின்னால் இழுக்கிறீர்கள், இரண்டாவதுக்கும் அப்படித்தான். கியர் கேபிள் தளர்ந்திருந்தால் நின்ற வண்டியிலும் இந்த மூன்றுமே முழுதாக உட்காராது. இரண்டாவது மட்டும் கஷ்டம் கொடுத்தால் கேபிளைக் குறை சொல்ல முடியாது.

டபுள் கிளட்ச் போடத் தெரியுமா? மூன்றில் ஓடும்போது கிளட்ச் மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்ச்சை விட்டு ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுங்கள். மறுபடி கிளட்ச் மிதித்து இரண்டில் போடுங்கள். இப்படிச் செய்தால் ரிங் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிடும். சத்தம் அடியோடு போய்விட்டால் தேய்ந்தது ரிங்தான். இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நாலுவழிச்சாலை சார் சொன்ன ஆயிலும் சரியான யோசனைதான். ஆனால் எந்த ஆயில் என்று பார்க்க வேண்டும். கியர் ஆயிலுக்கு ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று தரம் உண்டு. வண்டியின் புத்தகத்தில் ஜிஎல்-4 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். சில ஜிஎல்-5 ஆயிலில் சேர்க்கும் கந்தகக் கலவை பித்தளையை அரிக்கும். அதைவிட முக்கியம், பழைய ஆயிலை வடிக்கும்போது என்ன வருகிறது என்பது. காந்தம் வைத்த பிளக்கில் சாம்பல் நிறக் குழைவு ஒட்டியிருந்தால் அது சாதாரணத் தேய்மானம். ஆயிலில் தங்க நிறத்தில் மினுமினுத்தால் பித்தளை ரிங் கரைகிறது. கையில் எடுக்கும் அளவுக்கு இரும்புத் துண்டு வந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

கல்லட்டி டிரைவர்:

பட்டறை அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். மலை ஓட்டும் ஆளாக ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக வண்டி இறக்குகிறவன். 36 வளைவு, அத்தனையும் சரிவு. அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதியில் சூடேறி பிடிக்காமல் போகும். இரண்டாவது கியர் நின்று பிடிக்க வேண்டும்.

அதனால் விழுகிறதா என்பதோடு, விழுந்த கியர் நிற்கிறதா என்றும் பாருங்கள் மேடம். கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு, வண்டி இல்லாத ஒரு சின்ன இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்குங்கள். ஆக்சிலேட்டரை அழுத்தி, சட்டென்று காலை எடுங்கள். ராடு தானாக நியூட்ரலுக்குத் துள்ளி வந்தால் அந்த வண்டியோடு மலைக்குப் போகவே கூடாது. நடு வளைவில் கியர் கழன்றால் வண்டி கையில் நிற்காது. கறகற சத்தம் செலவு வைக்கும், அவ்வளவுதான். கியர் கழல்வது உயிருக்கு ஆபத்து.

துள்ளாமல் ராடு மட்டும் முன்னும் பின்னும் ஆடினால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். அது சின்ன வேலை.

திம்பம் டீச்சர்:

இன்று காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நின்றேன். பானெட் சில்லென்று இருந்தது. என் தம்பியையும் கூட்டிப் போனேன், அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன்.

ஆஃபில் எல்லா கியரும் சுலபமாக விழுந்தன. ரிவர்ஸ், அஞ்சு எண்ணிப் போட்டபோது சத்தமே இல்லை. கிளட்ச் நடுவாந்தரத்துக்குக் கொஞ்சம் மேலே கவ்வுகிறது. ஏற்றத்தில் வழுக்கவில்லை. நாலாவது சுத்தமாக விழுகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது அதே கறகற. தம்பி டபுள் கிளட்ச் போட்டு இறக்கினான், சத்தம் சுத்தமாக இல்லை! பண்ணாரிக்கு முன்னால் ஒரு இறக்கத்தில் கல்லட்டி அண்ணன் சொன்ன மாதிரி காலை எடுத்துப் பார்த்தோம். ராடு அசையவில்லை.

ஆயில் வடிக்க விற்பவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. புது ஆயில் செலவு என்னுடையது என்றதும் சரி என்றார். வடித்த ஆயில் கருப்பாக இருந்தது, வெயிலில் பார்த்தால் தங்கப்பொடி மாதிரி மினுமினுப்பு. துண்டு எதுவும் வரவில்லை. அப்படியென்றால் ரிங்தானே அண்ணா? இந்த வண்டியை வாங்கலாமா? டபுள் கிளட்ச் போட்டே ஓட்டிவிடலாம் என்கிறான் தம்பி.

கோபி பட்டறை:

ரிங்தான் டீச்சர், இனிச் சந்தேகம் வேண்டாம். கிளட்ச் அட்ஜஸ்ட் செய்தால் இது போகாது. புது ஆயிலில் கொஞ்சம் சத்தம் குறையும், அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

தம்பி சொல்வது போல ஓட்டலாம்தான், அந்தக் காலத்து லாரிகளை அப்படித்தான் ஓட்டினார்கள். ஆனால் எதிரே பஸ் திரும்பி வரும்போது, வளைவில் மூன்று வேலையைக் காலுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதோடு, ஒவ்வொரு முறை கறகறக்கும்போதும் கியர் பல்லின் முனை மழுங்கும். அது மழுங்கினால்தான் கல்லட்டி தம்பி பயப்படும் இடத்துக்கு வண்டி வந்து சேரும். இன்று ரிங் மட்டும் மாற்றினால் போதும், ஒரு வருடம் தள்ளினால் கியரும், அதைக் கோத்துப் பிடிக்கும் ஸ்லீவும் சேர்ந்து போகும்.

வண்டி வாங்கலாம். மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்பதாலும், கோளாறு எது என்று தெரிந்துவிட்டது என்பதாலும் சொல்கிறேன். ஆனால் கேட்ட விலைக்கு வேண்டாம். பாக்ஸை இறக்கி, பிரித்து, ரிங்கும் தேவையான பேரிங்கும் மாற்ற எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் கூலியோடு இருபதாயிரத்திலிருந்து முப்பதாயிரம் வரை ஆகும். பிரித்த பிறகுதான் சரியான கணக்கு சொல்ல முடியும். உங்கள் ஊரிலேயே இரண்டு பட்டறையில் எழுத்தில் வாங்கி, அதை விற்பவர் முன்னால் வையுங்கள். முப்பதாயிரம் குறையுங்கள் என்று கேளுங்கள். "நானே சரி செய்து தருகிறேன்" என்பார், அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விற்கப்போகிற வண்டிக்கு யாரும் நல்ல சாமான் போட மாட்டார்கள். பணத்தைக் குறைத்துக்கொண்டு, உங்கள் கண் முன்னால் வேலை நடக்கட்டும்.

திம்பம் டீச்சர்:

பேசி முடித்துவிட்டோம். இருபத்தையாயிரம் குறைத்தார். அட்வான்ஸ் ரசீதில் "இரண்டாவது கியர் ரிங் கோளாறு தெரிந்தே வாங்குகிறேன், அதற்காக விலை குறைக்கப்பட்டது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். வண்டியை என் பெயருக்கு மாற்றும் படிவம் 29, 30 இரண்டிலும் அவர் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மீதிப் பணம் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாக்ஸ் இறக்கும்போது நான் என்ன கவனிக்க வேண்டும்?

கோபி பட்டறை:

ரொம்ப சந்தோஷம் டீச்சர். பாக்ஸ் இறங்கியதும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கிளட்ச் கொஞ்சம் மேலே கவ்வுகிறது, மலையில் ஒரு வருடம் தாங்கினால் அதிகம். இப்போதே செட்டாக மாற்றினால் சாமான் காசு மட்டும்தான், பிறகு என்றால் மறுபடி இறக்கும் கூலி. ஆக்சில் ஆயில் சீல் இரண்டையும் கட்டாயம் புதுசு போடுங்கள். இரண்டாவதோடு மூன்றாவது கியர் ரிங்கையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய சாமான் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரிங்கை கியரின் கோனில் (ரிங் உட்காரும் கூம்புப் பகுதியில்) கையால் அழுத்திப் பிடித்தால், ரிங்குக்கும் கியர் பல்லுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி புது ரிங்கில் இருப்பதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த இடைவெளி குறையாமல் இருந்தால் அந்த ரிங் தேயவில்லை, வேறு எதையோ மாற்றியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் சாவியை வாங்கும் முன், மறுநாள் காலை ஆறிய வண்டியில் மூன்றிலிருந்து இரண்டுக்கு நீங்களே இறக்கிப் பாருங்கள்.