சோக்: ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சிறு எஞ்சின் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, ஆறிக் கிடக்கிற வண்டியைக் கிளப்பப் போடுகிற 'சோக்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். பரிந்துரைத்த எல்லோருக்கும் நன்றி. இரண்டு மடல்களுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன், அப்புறம் என் பழைய பரிந்துரையை நானே திருத்துகிறேன்.

> மூச்சடைப்பி என்று வைக்கலாமே. ஆங்கிலச் சொல்லின் பொருளும் அதுதான்.

ஐயா, அது ஆங்கிலத்தில் பெயர் வைத்தவருக்குத் தோன்றிய உவமை. அதையே நாமும் சுமக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். மூச்சடைப்பு என்று படிக்கிற பையனுக்கு எஞ்சினுக்கு ஏதோ கேடு வந்த மாதிரிதான் தோன்றும். உண்மையில் அங்கே நடப்பது உதவி. ஆறிக் கிடக்கிற எஞ்சினில் பெட்ரோல் முழுதாக ஆவியாவதில்லை. ஒரு பகுதி உள்சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஆவி தீப்பிடிக்கப் போதாது. அதனால்தான் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில் பெட்ரோலின் பங்கைக் கூட்டுகிறோம்.

> சென்னையில் குளிரே கிடையாது. 'குளிர்த்தொடக்கி' நமக்குப் பொருந்துமா?

பொருந்தாது, நீங்கள் சொல்வது சரி. நம் ஊர் மார்கழிக்கே அந்தச் சொல் பெரிதாக இருக்கிறது. வடித்து வைத்த சோறு குளிர்ந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை, ஆறிவிட்டது என்கிறோம். சூடாக இருக்க வேண்டியது சூடு இழந்தால் அதற்குத் தமிழில் தனி வினையே இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியும் அப்படித்தான். கையேடு முழுவதும் 'ஆறிய எஞ்சின்', 'சூடான எஞ்சின்' என்றே எழுதப்போகிறேன். இந்த ஒரு சொல்லுக்காகவே இந்த இழையைத் தொடங்கியது வீண்போகவில்லை.

சரி, சோக்குக்கு வருகிறேன். நான் முதலில் சொன்னது 'காற்றுமதகு'. ஒவ்வொரு மழைக்காலத்திலும் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு திறப்பைச் செய்தியில் கேட்கிற ஊரில் அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. போன ஞாயிறு வரை அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்று அக்கா மகனின் மினிபைக்கைக் கொண்டுவந்தார்கள். 49 சிசி, கயிறு இழுத்துக் கிளப்புகிற இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். தோள் வலிக்க இழுத்தும் பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி ஹெட்டில் தொடவைத்து இழுத்தால் நீலமாகப் பொறி வந்தது. ஆனால் பிளக் முனை காய்ந்து கிடந்தது, அதாவது பெட்ரோல் உள்ளே போகவே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தால் மூன்று மாதம் கிடந்த பெட்ரோல் வார்னிஷ் வாடையுடன் பிசுபிசுத்தது. பெட்ரோல் போகிற நுண்துளை உள்ள ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை தெரியவில்லை. பழைய வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி அதற்குள் விட்டு எடுத்தேன் (ஊசி வேண்டாம், துளை அகன்றுவிடும்). எல்லாம் மாட்டி, காற்று வருகிற வாயிலிருந்த தகட்டை மூடி இழுத்ததும் மூன்றாவது இழுப்பில் பிடித்தது. காற்றுமதகு! எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

பையன் அதோடு விடவில்லை. என் பழைய பைக்கைக் காட்டி, "மாமா, இதுலயும் மதகைக் காட்டு" என்றான். அதில் மதகு இல்லை. அது மிக்குனி விஎம் வகைக் கார்ப்பரேட்டர். சோக் நெம்பைத் தூக்கினால் உள்ளே ஒரு சிறு தண்டு மேலே எழும்பும், பெட்ரோலுக்குத் தனியாக ஒரு வழி திறக்கும், அவ்வளவுதான். காற்றுவழியின் குறுக்கே எதுவும் விழுவதில்லை. இரண்டையும் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் 'சோக்' என்றே கேட்டு வாங்குகிறோம். ஒன்று காற்றை மூடுகிறது, மற்றது பெட்ரோலைத் திறக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, வண்டியைக் கிளப்பும் விதமே மாறுகிறது. தகடு வகையில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாலும் பிடிக்கும், ஏனென்றால் காற்றை அடைக்கும் தகடு ஆக்ஸிலேட்டர் திறக்கிற வழிக்கு முன்னாலேயே இருக்கிறது. தண்டு வகையில் முறுக்கவே கூடாது. முறுக்கினால் உறிஞ்சும் விசை குறைந்து அந்தத் தனிவழியில் பெட்ரோல் ஏறாது. காலையில் சோக்கையும் போட்டு, ஆக்ஸிலேட்டரையும் முறுக்கிக்கொண்டு கிக்கரை உதைத்துக் களைத்துப்போகிறவர்களை நம் தெருக்களில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! ஒரே சொல் இரண்டு கருவியை மறைத்ததால் வந்த வினை இது.

ஆகவே என் திருத்தம்: தகடு வகைக்குக் 'காற்றுமதகு' இருக்கட்டும். தண்டு வகைக்கு 'ஊட்டுமடை'. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாய வெட்டிவிடுகிற சிறு வாய் மடை. பெட்ரோலுக்கு அந்தத் தண்டு திறந்துவிடுவதும் அதுபோன்ற வாய்தான். மதகும் மடையும் ஒரே பாசனக் குடும்பம் என்பதால் கற்றுக்கொள்வதும் எளிது. 'சோக்' என்பதை யாரும் கைவிட வேண்டாம், பேச்சில் இரண்டுக்கும் பொதுவாக அதுவே இருக்கட்டும். 'சோக் போடு' என்பது நல்ல தமிழ் வாக்கியம்தான்.

பெட்ரோல் அதிகமாகிப் பிளக் நனைந்துபோவதை 'வெள்ளம்' என்று ஒரு தோழி எழுதியிருந்தார். வெள்ளம் ஓடும். இது சிலிண்டருக்குள் நின்றுவிடுகிறது. 'தேக்கம்' போதும் என்பது என் கருத்து.

ஒரு கலைச்சொல்லை நான் கட்டளை வாக்கியத்தில் வைத்துத்தான் சோதிப்பது. கையேட்டில் இப்படி வரும்:

ஆறிய எஞ்சினில் காற்றுமதகை மூடு, கயிற்றை இழு.
ஆறிய எஞ்சினில் ஊட்டுமடையைத் திற, ஆக்ஸிலேட்டரைத் தொடாதே, கிக்கரை உதை.

கிரீஸ் படிந்த கையோடு இதைப் படிக்கிறவருக்கு எங்கேயாவது தடுக்கினால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம்.

அன்புடன்,
வியாசர்பாடியிலிருந்து